காந்தத்தை மறக்காமல் எடுத்துச் செல்

கதிரவன், காலை 9.12
பெரியப்பா, வணக்கம். சிங்கப்பூர் கிராஞ்சியில் 1997ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் வாகன உரிமைச் சான்றிதழை இரண்டு முறை புதுப்பித்திருப்பதால் 2027 வரை ஓட்டலாம் என்கிறார் உரிமையாளர். மேலே ஒரு பொட்டுத் துருகூட இல்லையாம். பிற்பகல் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பெரியப்பா, 9.40
துரு இல்லை என்றதும் மயங்கிவிடாதே, தம்பி. அதன் மேல்தகடு அலுமினியக் கலவை; அதில் செந்துரு பிடிக்காது. போருக்குப் பிறகு பிரிட்டனில் எஃகு பங்கீட்டில்தான் கிடைத்தது என்பதால், 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு வந்த முதல் வண்டிக்கே ரோவர் நிறுவனப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ் அலுமினியத்தைப் போர்த்திவிட்டார். ஆனால் பாரம் தாங்கும் ஏணிச் சேசிஸும் (ஏணி வடிவ அடிச்சட்டம்), எஞ்சினுக்கும் ஓட்டுநரின் காலுக்கும் நடுவிலுள்ள தடுப்பும் எஃகு. இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். சேசிஸோ, உள்ளே சேறு தங்கி, வெளியே தெரியாமல் அரித்துக்கொண்டே வரும். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தை முதலில் பார். வீட்டிலிருந்து ஒரு காந்தம் எடுத்துப் போ.

மலர்விழி, 9.48
அப்போதே அதற்கு டிஃபெண்டர் என்றுதான் பெயரா, பெரியப்பா?

பெரியப்பா, 10.05
இல்லையம்மா. சீரிஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டை ஸ்பிரிங்கோடு ஓடி, 1983இல்தான் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. 1989இல் அதே நிறுவனத்தின் டிஸ்கவரி வண்டி வந்த பிறகு, இதற்கும் தனிப்பெயர் வேண்டுமென்று 1990இல் டிஃபெண்டர் ஆக்கினார்கள். 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் ஆலையில் கடைசி வண்டி இறங்கியது. 2019இல் அறிமுகமான புதியதில் ஏணிச் சேசிஸே கிடையாது; என்னைக் கேட்டால் அது வேறு வண்டி.

கதிரவன், 10.11
இது 300டிடிஐ டீசல் எஞ்சின்.

பெரியப்பா, 10.20
நல்லதுதான். அந்த வகையின் தொடக்க கால எஞ்சின்களில், வால்வுகளை நேரப்படி இயக்கும் டைமிங் பெல்ட் நேர்கோட்டில் ஓடாமல் ஓரம் தேய்ந்து அறுந்ததுண்டு. திருத்திய பாகங்கள் போட்டதற்கு ரசீது கேள். 1998இல் வந்த டிடி5 எஞ்சின் என்றால், எஞ்சினுக்குள் கிடக்கும் ஒயரின் வழியே எண்ணெய் ஊர்ந்து, இருக்கைக்கு அடியிலுள்ள கணினிவரை போய்விடும். உனக்கு அந்தத் தொல்லை இல்லை.

கதிரவன், மாலை 4.32
சேசிஸில் காந்தம் கெட்டியாக ஒட்டுகிறது. ஓட்டுநர் கால் வைக்கும் மூலையில் மட்டும் நழுவி விழுகிறது. அங்கே கறுப்பு வண்ணம் புதிதாகத் தெரிகிறது.

பெரியப்பா, 4.34
அது எஃகு இருக்க வேண்டிய இடம். திருப்புளியின் பிடியால் தட்டிப் பார். கணீரென்றால் இரும்பு, பொத்தென்றால் பட்டி பார்த்து மூடியிருக்கிறார்கள்.

கதிரவன், 4.41
பொத்தென்றுதான் கேட்கிறது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க உரிமையாளர் சம்மதிக்கவில்லை.

பெரியப்பா, 4.42
முன்பணம் கொடுக்காமல் புறப்படு. அந்தத் தடுப்பை மாற்ற வண்டியின் முன்பாதியையே பிரிக்க வேண்டும்.

சித்தி, 4.50
கதிர், அந்தக் காந்தம் என் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடாதே.