புதுப்பிப்பு: பழைய லேசர் படகில் தண்ணீர் ஏறியதும், காற்றுக்கு எதிரே நின்றதும் சரியாகிவிட்டன

உதவிய எல்லாருக்கும் நன்றி. சென்னையில் பழைய லேசர் (ஒருவர் ஓட்டும் சிறிய பாய்ப்படகு) ஒன்றை வாங்கிப் பாய்ப்படகு ஓட்டக் கற்கிறேன், கரைக்கு வரும்போது படகு கனக்கிறது, திரும்பும்போது காற்றைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன்.

முதலில் தண்ணீர். பலரும் சொன்னபடி பின்பக்க அடைப்பானுக்குப் புது வாஷர் போட்டேன், மாற்றமில்லை. ஒருவர் மட்டும், பாய்மரம் இறங்கி நிற்கும் குழியில் தண்ணீர் நிரப்பி மட்டம் குறைகிறதா பாருங்கள் என்றார். குறைந்தது! குழியின் அடியில் விரிசல். நன்றாகக் காயவிட்டு, கண்ணாடியிழையும் எப்பாக்சிப் பசையும் வைத்து அடைத்தாயிற்று. இந்த வகைப் படகு வாங்குபவர்கள் காசு கொடுக்கும் முன்பே இதைச் செய்து பாருங்கள், ஏனென்றால் அந்த இடம் பலமிழந்தால் பலத்த காற்றில் பாய்மரம் மேல்தளத்தையே கிழித்துவிடும்.

அப்புறம், நின்றுவிடுவது. பூமையும் (பாயின் அடியில் கிடையாக இருக்கும் கம்பு) சுக்கான் பிடியையும் ஒரே பக்கம் தள்ளுங்கள், படகு பின்னால் நகர்ந்து தானே திரும்பும், திரும்பியதும் இரண்டையும் உங்கள் பக்கம் இழுங்கள் என்ற யோசனைதான் பலித்தது. இப்போது பதற்றமே இல்லை.

7.06 சதுர மீட்டர் பாய்க்குப் பதிலாக 4.7 பாய் போடச் சொன்னதும் நல்ல யோசனை, மதியக் கடல்காற்றிலும் படகு கைக்குள் நிற்கிறது. ஆனால் பாய் மட்டும் போதாது, பாய்மரத்தின் கீழ்த்துண்டும் குட்டையாக வேண்டும், இரண்டுக்கும் சேர்த்தே விலை பேசுங்கள்.