புதுப்பிப்பு: அந்த சிஎஃப்எல் பல்புகள் என்ன ஆச்சு?

ஃப்யூஸ் போன 9 சிஎஃப்எல் பல்பையும் உப்பிப்போன செல்போன் பேட்டரியையும் எங்கே போடறதுன்னு போன மாசம் கேட்டிருந்தேனே, ஒருவழியா முடிஞ்சுது. குப்பை வாங்க வர்ற அக்காகிட்டயே கேட்டேன். "தனியாக் கட்டி, மேல எழுதிக் குடுங்க தம்பி. போன வாரம்தான் கண்ணாடி கையைக் கிழிச்சுது"ன்னாங்க. 2016 திடக்கழிவு விதிகள்லயே இதெல்லாம் வீட்டு அபாயக் கழிவுன்னு தனி வகையாத்தான் இருந்துச்சு, எனக்குத்தான் தெரியலை.

நடுவுல ஒரு பல்பு கைதவறி உடைஞ்சுது. உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கும், துடைப்பம் போட்டா பரவிடும். ஜன்னலைத் திறந்துட்டு வெளியே போய், 10 நிமிஷம் கழிச்சு கெட்டி அட்டையால அள்ளி ஊறுகாய் பாட்டில்ல மூடினேன். (பாட்டில் போச்சேன்னு அம்மாவுக்கு வருத்தம்.)

பேட்டரி முனையில டேப் ஒட்டி, மணல் டப்பாவுல வெச்சு, மின்கழிவு மையத்துல குடுத்தாச்சு. காலாவதியான மாத்திரைங்க மட்டும் இன்னும் அலமாரியிலதான் கிடக்கு.