80 பிஎஸ்ஐ டிரெய்லர் டயருக்கு எந்த கம்ப்ரசர்? வாங்கி ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

இரட்டை அச்சு:

டிராவல் டிரெய்லர், ஃபிஃப்த் வீல் (பிக்கப் வண்டியின் பின்தட்டில் கொக்கி மாட்டும் பெரிய டிரெய்லர்) இழுப்பவர்கள் டயருக்குக் காற்று எதில் அடிக்கிறீர்கள்? விளம்பரத்தில் பார்த்தது வேண்டாம், சொந்த அனுபவம் போதும்.

என் டயர் எஸ்டி (டிரெய்லருக்கென்றே வரும் ரகம்) 235/80 ஆர்16, லோடு ரேஞ்ச் (சுமை தாங்கும் வகை) ஈ. பக்கச்சுவரில் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று இருக்கிறது, டிரெய்லரின் இடது முன்பக்க லேபிளிலும் அதேதான். காருக்கு வைத்திருக்கும் சிகரெட் லைட்டர் பம்பை மாட்டிப் பார்த்தேன். 65 வரை மெல்ல ஏறியது. அதற்கு மேல் சத்தம்தான் ஏறியது, காற்று ஏறவில்லை. பெட்டியில் என்னவோ '150 பிஎஸ்ஐ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

பங்கில் போய் அடிக்கலாம் என்றால், டிரெய்லரோடு அந்த மெஷின் பக்கம் திரும்பவே இடம் இருக்காது. அங்கே போய்ச் சேர்வதற்குள் டயரும் சூடாகிவிடும், சூட்டில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வண்டி நிற்கும் இடத்திலேயே காலையில் அடிக்க ஒன்று வேண்டும்.

பழைய ஸ்பானர்:

பெட்டியில் இருக்கும் 150 பொய் என்று சொல்ல மாட்டேன். காற்று வெளியே போக வழியில்லாமல் அடைத்து ஓட்டினால் எதுவரை முக்கும் என்பதற்கான எண் அது. 70-க்கு மேல் நிமிடத்துக்கு எவ்வளவு தள்ளும் என்று அது சொல்லாது. உங்களுக்கு வேண்டியது அதுதான்.

சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) எண்ணிலும் இதே விளையாட்டு உண்டு. ஹோஸை எதிலும் மாட்டாமல் வெறுமனே ஊதவிட்டு அளந்ததைத்தான் பலர் அச்சடிக்கிறார்கள். பிஸ்டன் மேலே போய் முட்டும் இடத்தில் கொஞ்சம் அமுங்கிய காற்று எப்போதும் மிஞ்சும். பிஸ்டன் இறங்கும்போது முதலில் அது விரியும், அதற்கப்புறம்தான் வெளிக்காற்று உள்ளே வரும். டயரின் அழுத்தம் கூடக்கூட, மிஞ்சும் காற்றும் கெட்டியாகி, புதிதாக வரும் காற்று குறைந்துகொண்டே போகும். சின்ன பம்ப் 65-இல் மூச்சுத் திணறுவது இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். உங்கள் டயரின் உள்ளளவு ஏறத்தாழ 50 லிட்டர். 70-இலிருந்து 80-க்கு ஏற்ற 34 லிட்டர் வெளிக்காற்று போதும். காலி டயரை 80-க்குக் கொண்டுவர 270 லிட்டருக்கு மேல் வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. உங்களுக்கு வேண்டியது முதல் வேலைதான் என்றால் கைக்கு அடக்கமான நல்ல 12 வோல்ட் கம்ப்ரசரே போதும். பஞ்சர் ஒட்டி முழுதாக நிரப்பும் வேலையும் அதற்கே என்றால் டியூட்டி சைக்கிளை, அதாவது மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு ஓடலாம் என்பதை, பார்த்தே ஆக வேண்டும்.

டியூட்டி சைக்கிள் 33 சதவீதம் என்றால் பத்து நிமிடம் ஓட்டினால் இருபது நிமிடம் ஆறவிட வேண்டும். அதுவும் எந்த அழுத்தத்தில் என்று சேர்த்துப் படிக்க வேண்டும். 30 பிஎஸ்ஐயில் சொன்ன டியூட்டி சைக்கிள் கார்காரர்களுக்கானது, நமக்குக் காசு பெறாது. வையேர் கம்பெனியின் 400பி மெஷினுக்கு 100 பிஎஸ்ஐயில் 33 சதவீதம் கொடுத்திருக்கிறார்கள். அதே கம்பெனியின் 450பி-ஆர்விக்கு அதே 100 பிஎஸ்ஐயில் நூறு சதவீதம். நான் வைத்திருப்பது இரண்டாவது. வேகத்தில் பெரிதாக அசத்தாது, ஆனால் நான்கு டயரையும் நிறுத்தாமல் முடித்துவிடலாம். எனக்கு வேகத்தைவிட அது முக்கியம்.

வேன்வாசி:

டூல் பேட்டரியில் ஓடும் இன்ஃப்ளேட்டரைப் பற்றி யாரும் பேசவில்லையே? நான் டிவால்ட் 20 வோல்ட் வைத்திருக்கிறேன். 160 பிஎஸ்ஐ வரை போகும், டூல் பேட்டரி, காரின் 12 வோல்ட், வீட்டு கரண்ட் மூன்றிலும் ஓடும். 80 பிஎஸ்ஐ டயரில் ஐந்தாறு பிஎஸ்ஐ டாப் அப் செய்ய இதைவிட வசதி கிடையாது. எண்ணை அழுத்தி வைத்தால் தானாக நின்றுவிடும்.

நின்றதும் கேஜில் இன்னொரு தடவை பாருங்கள். ஓடும்போது திரையில் தெரிவது ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தம், டயருக்குள் இருப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நான் இரண்டு பிஎஸ்ஐ கூட்டி செட் செய்வேன். காலி டயரை நிரப்ப இதை நம்பிக் கிளம்ப மாட்டேன்.

நெடுஞ்சாலை நரி:

பெரிய ஃபிஃப்த் வீல்காரன் பேசுகிறேன். என் டயர் லோடு ரேஞ்ச் ஜி, 110 பிஎஸ்ஐ. 80-இல் இருப்பவர்களுக்கு ஓடும் யோசனை 110-இல் ஓடாது.

பேன்கேக் என்று சொல்லும் தட்டை டேங்க் கம்ப்ரசர் ஒன்று வீட்டில் ஆணி அடிக்கும் வேலைக்கு இருந்தது. 125-இல் நிற்கும் மாடல். 110-க்கு 125 தாராளம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். டயர் 100-இல் இருந்தது. மாட்டினேன், ஏறியது, 104-இல் நின்றுபோனது. மோட்டாரும் ஓடவில்லை, காற்றும் போகவில்லை. ரெகுலேட்டரைக் கடைசி வரை திருகிவிட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

விஷயம் பிரஷர் சுவிட்சில் இருக்கிறது. இந்த மாடல் 125-இல் நின்றால், டேங்க் 95-க்கு இறங்கினால்தான் மறுபடி கிளம்பும். டேங்க்கும் டயரும் 104-இல் சமமாகிவிட்டால் காற்று எங்கே போகும்? சுவிட்சைக் கேட்டால் 'இன்னும் 95 வரவில்லையே' என்று சும்மா இருக்கும். மெஷின் கெட்டுப்போகவில்லை, அதன் கணக்குப்படி சரியாகத்தான் இருக்கிறது.

வழி உண்டு. முதலில் ஹோஸை டயரிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டயர் காற்றே பின்னால் டேங்க்குக்கு வந்துவிடும். அப்புறம் டேங்க் அடியில் தண்ணீர் வடிக்கும் வால்வைத் திறந்து, மோட்டார் கிளம்பும் வரை காற்றை விடுங்கள். கிளம்பியதும் மூடி, டேங்க் 115 தாண்டியபின், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே டயரில் மாட்டுங்கள். ஏறும். ஒவ்வொரு டயருக்கும் இந்தக் கூத்து.

அதனால் டேங்க் வைத்ததை வாங்கப் போகிறவர்கள் எங்கே நிற்கும் என்பதோடு எங்கே மறுபடி கிளம்பும் என்பதையும் கேளுங்கள். நம் டயர் அழுத்தத்தைவிட அந்த இரண்டாவது எண் பெரிதாக இருக்க வேண்டும். 150-இல் நின்று 120-இல் கிளம்புகிற மெஷின் என்றால் 110-க்கு ஒரு தொல்லையும் இல்லை. சத்தம் குறைவு என்று விற்கும் குட்டி மாடல்களில் 120-இல் நின்று 90-இல் கிளம்புபவை உண்டு. 80-க்கு அவை அருமை. 110-க்கு வேண்டாம்.

இரட்டை அச்சு:

இது எனக்குத் தோன்றவே இல்லை. 80-க்குப் பிரச்சினை இல்லை என்றாலும், டேங்க் மெஷினை எடுத்துப்போக டிரெய்லரில் இடம் இல்லை. 12 வோல்ட் பக்கம்தான் சாய்கிறேன். கரண்ட் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? லைட்டர் சாக்கெட் போதுமா?

பழைய ஸ்பானர்:

போதாது. அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்ப், சில வண்டிகளில் 20. இந்த ரக கம்ப்ரசர்கள் 20, 30 ஆம்ப் இழுக்கும். நேராக பேட்டரியில் கிளிப் மாட்டுங்கள், இழுவை வண்டியின் இன்ஜினை ஓடவிட்டு. இன்ஜின் ஓடினால் 13.8 வோல்ட் பக்கம் கிடைக்கும், நின்றிருந்தால் 12 சொச்சம்தான். அந்த வித்தியாசம் மோட்டாரின் வேகத்திலேயே காதில் கேட்கும்.

டிரெய்லரோடு போகும் ஏழு பின் பிளக்கில் இருக்கும் சார்ஜ் வயரிலிருந்து எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த வயர் மெல்லியது, வேண்டாம்.

டிரெய்லரின் சொந்த பேட்டரி முன்கொக்கி மேல் இருந்தால் அதிலும் மாட்டலாம். ஆனால் பெரும்பாலும் கேஸ் சிலிண்டரும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். கிளிப் மாட்டும்போது பொறி பறக்கும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே மாட்டவும் கழற்றவும் வேண்டும்.

டேங்க் மெஷினை ஜெனரேட்டரில் ஓட்டுபவர்களுக்கும் ஒன்று. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். ஏசியை அணைத்துவிட்டுத்தான் மெஷினைப் போட வேண்டும். நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் போட்டால் வோல்டேஜ் இறங்கும். வயரைச் சின்னதாக வைத்து ஹோஸை நீளமாக வாங்குங்கள்.

ஊர் சுற்றி:

எல்லோரும் மெஷினையே பேசுகிறீர்கள். எனக்குப் பாதித் தலைவலி ஹோஸ் நுனியில்தான் வந்தது.

திருகி மாட்டும் நுனி கார் டயருக்குச் சரி. 80-இல் திருகிக் கழற்றும்போது கடைசிச் சுற்றில் சீறிக்கொண்டு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ போய்விடும், விரலும் எரியும். நெம்புகோல் வைத்த கிளிப் நுனிக்கு மாறினேன், ஒரே தட்டில் மாட்டலாம், எடுக்கலாம். அலாய் வீலில் வால்வு உள்ளடங்கி இருந்தால் நேரான நுனி போகாது, வளைந்தது வேண்டும். டிபிஎம்எஸ் (டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும்) சென்சாரை வால்வு மேலேயே மாட்டியிருப்பவர்கள் அதைக் கழற்றித்தான் அடிக்க வேண்டும். கழற்றாமல் அதன் வழியாகவே காற்றை உள்ளே விடும் ரகமும் இருக்கிறது, அதில் ஒரு கசிவு வாய் கூடுதல்.

வால்வையும் பாருங்கள். கார்களில் வரும் சாதாரண ரப்பர் வால்வு, டிஆர்413 என்பார்கள், 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். டயர் மாற்றும் கடையில் பழக்கதோஷத்தில் அதையே போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். லோடு ரேஞ்ச் ஈ, ஜி எல்லாவற்றுக்கும் நட்டு வைத்து இறுக்கும் உலோக வால்வே கேட்டு வாங்குங்கள். ரிம்முக்கும் ஒரு உச்ச அழுத்தம் உண்டு. டயரை ஈயிலிருந்து ஜிக்கு மாற்றிவிட்டு, ரிம் 110-க்குத் தாங்குமா என்று பார்க்காமல் அடிக்கக் கூடாது.

நெடுஞ்சாலை நரி:

இதோடு சேர்த்து ஒன்று. கையில் கம்ப்ரசர் வந்துவிட்டால், இறங்கிப்போன டயரைப் பார்த்ததும் உடனே அடித்து ஏற்றத்தான் கை போகும். காத்திருக்கப் பழகுங்கள். இருக்க வேண்டியதில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய நிலையில் ஓடிய டயரைக் கழற்றி உள்ளே பார்க்காமல் காற்று அடிக்கக் கூடாது என்பது டயர் தொழிலில் இருக்கும் விதி. 80 பிஎஸ்ஐ டயருக்கு அது 64, 110-க்கு 88.

காற்றுக் குறைந்து ஓடும்போது பக்கச்சுவர் மடங்கி மடங்கி உள்ளே இருக்கும் கம்பிகள் தளர்ந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மறுபடி அழுத்தம் ஏறும்போது ஜிப்பைத் திறந்த மாதிரி பக்கச்சுவர் கிழிந்து வெடிக்கும். முழு ஸ்டீல் ஜி டயர்களில் இது உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கிளிப் நுனியும் நீள ஹோஸும் எனக்கு வசதிக்கான சமாசாரம் இல்லை. மாட்டிவிட்டு டயருக்கு நேராக நிற்காமல் தள்ளிப் போய் நின்று அடிக்கிறேன்.

வேன்வாசி:

நிறுத்தி வைத்திருந்த வண்டியில் மெதுவாகக் கசிந்து 62-க்கு வந்திருந்தால்?

நெடுஞ்சாலை நரி:

உருளாமல் நின்ற இடத்திலேயே இறங்கியது என்று நிச்சயமாகத் தெரிந்தால் அடிக்கலாம். தெரியாவிட்டால் ஓடியதாகவே எடுத்துக்கொள்வேன். கசிவு எங்கே என்பதையும் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

கடைசி கியர்:

ஒரு மாற்றுக் கருத்து. டிரக் ஸ்டாப்பில் டீசல் வரிசைப் பக்கம் இருக்கும் காற்று பெரிய லாரிகளுக்கானது, 110 சாதாரணமாக ஏறும், திரும்ப இடமும் இருக்கும். நான் கம்ப்ரசரே வாங்கவில்லை. சூட்டில் அடிக்கும் பிரச்சினைக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். காலையில் கிளம்பும் முன் குளிர்ந்த டயரை அளந்து எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்வேன். 7 குறைந்தால், அங்கே போனதும் அப்போது காட்டும் எண்ணோடு 7 கூட்டி அடிப்பேன். மறுநாள் காலையில் சரிபார்ப்பேன்.

பழைய ஸ்பானர்:

நல்ல வழிதான், 70-க்குக் கீழே இறங்காதவரை. அதற்குக் கீழே என்றால் எடையோடு டிரக் ஸ்டாப் வரை உருட்டிப் போக எனக்கு மனம் வராது. எஸ்டி டயர்கள் குறைந்த காற்றில் சீக்கிரம் சூடேறும், சாலையில் படும் மேல்தோல் பிரிந்துகொள்வதற்கு அதுவே போதும்.

இரட்டை அச்சு:

எல்லோருக்கும் நன்றி. நூறு சதவீத டியூட்டி சைக்கிள் 12 வோல்ட் மெஷின், பேட்டரி கிளிப், நெம்புகோல் நுனி என்று முடிவு செய்துவிட்டேன். கடைசியாக இரண்டு கேள்வி. நேற்று காலை அளந்தபோது ஒரு பக்க டயர்கள் 80, இன்னொரு பக்கம் 83, 84. கேஜ் கோளாறா? ஹோஸ் எவ்வளவு நீளம் வாங்கலாம்?

பழைய ஸ்பானர்:

83 காட்டிய பக்கம் வெயில் விழுந்திருக்கும். 80 பிஎஸ்ஐ டயரில் பத்து டிகிரி செல்சியஸுக்கு மூன்று பிஎஸ்ஐ சொச்சம் மாறும், 110-இல் நான்கைத் தாண்டும். கூடுதலாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். வெயில் வருவதற்கு முன்னால் அளந்தால் இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கேஜ் நன்றாகத்தான் இருக்கிறது.

ஹோஸை டிரெய்லரை மாட்டிய நிலையில் அளங்கள். பானட்டில் பேட்டரி இருக்கும் இடத்தில் கம்ப்ரசரை வைத்து, அங்கிருந்து பின் அச்சின் எதிர்ப்பக்க டயர் வரை கயிறு பிடித்துப் பாருங்கள். கயிறு நேராகப் போகும், ஹோஸ் போகாது. அதனால் இரண்டு மீட்டர் சேர்த்து வாங்குங்கள்.