37 பேர் ஆடிய கேரம்

கணக்கு ஆசிரியர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் நான் பட்ட பாட்டை முதலில் எழுதிவிடுகிறேன். உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம். பயிற்சிக்கு வந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் முப்பது பேர், பயிற்சி கொடுக்கும் கருத்தாளர் நான். முதல் வருடம், எந்தக் கணக்கையும் தீர்ப்பதற்கு என்று கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் எழுதிய நான்கு படிகளை அட்டையில் பெரிதாக எழுதி மாட்டினேன்: புரிந்துகொள், திட்டமிடு, செய்து பார், திரும்பிப் பார். எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். தேநீர், சமோசா, கையெழுத்து, வீடு. மூன்று மாதம் கழித்து அவர்களில் ஒருவரின் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் நான்கு படிகளையும் வாய்ப்பாடு போல ஒப்பித்தார்கள். 'திரும்பிப் பார்' என்றதும் ஒரு பையன் உண்மையாகவே கழுத்தைத் திருப்பிப் பின்வரிசையைப் பார்த்தான்! சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அது நான் விதைத்தது.

அடுத்த வருடம் அட்டை இல்லை. ஒரே ஒரு கணக்கு: கேரம் போட்டிக்கு 37 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஒற்றையர் ஆட்டம், தோற்றவர் உடனே வெளியேற வேண்டும். சாம்பியன் யார் என்று தெரிய மொத்தம் எத்தனை ஆட்டங்கள்?

"ஃபார்முலா கொடுங்கள் சார்" என்றார் ஒருவர். கொடுக்கவில்லை. 37-ஐ இரண்டாகப் பிரித்து, மிச்சம் நின்ற ஒருவரை என்ன செய்வது என்று மேசைக்கு மேசை சண்டை. 18, 9, 5, 2, 1, 1 என்று கூட்டி 36-க்கு வந்து சேர்ந்தார்கள் சிலர். என் நாக்கு துடித்தது. ஏழு நிமிடம் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். அன்றைய வேலையிலேயே கடினமானது அதுதான். கடைசியில் வியாசர்பாடி டீச்சர் ஒருவர், மகன் கிளப்பில் கேரம் ஆடுகிறவனாம், மெதுவாகக் கேட்டார்: "ஓர் ஆட்டத்துக்கு ஒருவர்தானே தோற்கிறார்? ஒருவர் ஜெயிக்க 36 பேர் தோற்க வேண்டுமே, சார்?"

அறையே ஒரு நொடி அமைதியானது. தனக்கே விழி பிதுங்கிய அனுபவம் இல்லாத ஆசிரியர், பிள்ளை விழிக்கும்போது பொறுக்கமாட்டார் என்று அன்று எனக்குத் தோன்றியது.

*

காசிமேட்டிலிருந்து ஓர் ஆசிரியை:

1979-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். கப்பலில் 26 செம்மறியாடுகள், 10 வெள்ளாடுகள். கேப்டனின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்தே வயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இதைப் பயிற்சியில் கேள்விப்பட்டு, ஆடுகளை மீன் பெட்டிகளாக்கி என் நான்காம் வகுப்பில் கேட்டேன். '36' என்று கை உயர்த்தியவர்களே அதிகம். 'மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி' என்று வருடக்கணக்கில் சொன்னவள் நான்தானே. ஒரு மீனவர் வீட்டுப் பெண் மட்டும், "எங்கள் அப்பா படகில் தினமும் பெட்டி எண்ணிக்கை மாறும் டீச்சர், அப்பாவின் வயது மாறாதே" என்றாள்.

*

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர்:

எல்லாம் சரி சார். 48 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை, முடிக்க வேண்டிய பாடங்கள் தலைக்கு மேல். உங்கள் ஏழு நிமிடத்தை நான் எங்கிருந்து எடுப்பது? பயிற்சியில் இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. உங்களிடமும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சுற்றுலாவுக்கு 130 பேர், ஒரு பஸ்ஸில் 50 பேர், எத்தனை பஸ் வேண்டும் என்று தேர்வில் கேட்டிருந்தேன். 'ஈவு 2, மீதி 30' என்று எழுதியவர்களுக்கெல்லாம் வருடாவருடம் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அந்த முப்பது பேரும் இன்னும் பள்ளி வாசலிலேயே நிற்கிறார்கள்.