வீட்டிலேயே தரும் இறுதிக்கால நோய் ஆதரவு சிகிச்சை: தரத்தை எப்படி அளப்பது?

கேள்வி: ஒருங்கிணைப்பாளர், அறக்கட்டளைக் குழு

வணக்கம். முற்றிய புற்றுநோயாலும் பக்கவாதத்தாலும் படுக்கையில் இருப்போரை வீடு தேடிச் சென்று பார்க்கும் ஒரு சிறு குழுவில், தமிழகத்தின் ஒரு சிற்றூரில் பணிபுரிகிறேன். இரண்டு செவிலியர், வாரம் ஒருமுறை வரும் மருத்துவர், சில தன்னார்வலர்கள் என்பதே எங்கள் அணி. எத்தனை வீடுகளுக்குச் சென்றோம், எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் கட்டு மாற்றினோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம். நாங்கள் சென்று வந்ததால் நோயாளியின் வலி உண்மையில் குறைந்ததா, கடைசி நாட்களில் குடும்பத்தினர் பதறி நள்ளிரவில் ஆம்புலன்ஸை அழைக்க நேர்ந்ததா என்பது அந்த எண்களில் எங்குமே தெரிவதில்லை. செவிலியரின் சுமையைக் கூட்டாமல் எதைப் பதிவு செய்யலாம்?

பதில்: நோய் ஆதரவு சிகிச்சை மருத்துவர்

வருகைகளின் எண்ணிக்கை உங்கள் உழைப்பைச் சொல்லும்; நோயாளிக்குக் கிடைத்த நிம்மதியைச் சொல்லாது. எட்மன்டன் அறிகுறி மதிப்பீட்டு அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். 1991இல் கனடாவில் அறிமுகமான அதன் இன்றைய வடிவத்தில், வலி, சோர்வு, குமட்டல், மூச்சுத்திணறல், பதற்றம் முதலிய ஒன்பது கூறுகளுக்கு நோயாளியே 0 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறார். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆனால் தாளை நிரப்பிக் கோப்பில் அடுக்குவதால் பயனில்லை. வலி 7 அல்லது அதற்கு மேல் என்று சொன்ன ஒவ்வொருவரையும் தனியே குறித்துக்கொண்டு, அன்றே மருத்துவருக்குத் தகவல் சென்றதா, அடுத்த இரண்டு மூன்று நாட்களில் வலி இறங்கியதா என்று பாருங்கள். இறங்காதவர்களைப் பற்றி மட்டும் மாதம் ஒருமுறை குழுவாக அமர்ந்து பேசுங்கள். என் அனுபவத்தில், காரணம் மருந்தில் இருப்பதைவிட அதைக் கொடுக்கும் முறையில்தான் அதிகம் இருக்கிறது. கடும் வலிக்குத் தரும் மார்ஃபினின் சாதாரண (உடனே செயல்படும்) மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டியிருக்க, வலி வந்தால் மட்டும் போதும் என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். அல்லது மலமிளக்கியைச் சேர்த்து எழுதாததால், மலச்சிக்கலுக்கு அஞ்சி நோயாளியே மாத்திரையை நிறுத்தியிருப்பார். மார்ஃபின் கிடைப்பதே சிக்கலென்றால், போதைப்பொருள் சட்டத்தின் 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்களுக்கு அதை எளிதாக்கியிருக்கிறது. அருகில் அத்தகைய நிறுவனம் எது என்று விசாரியுங்கள்.

பதில்: மாமியாரை வீட்டில் பராமரித்தவர்

நோயாளியை மட்டும் அளந்தால் பாதிதான் தெரியும் என்பது என் கருத்து. எங்கள் வீட்டுக்கு வந்த செவிலியர் மிகுந்த அன்போடு நடந்துகொண்டார். ஆயினும் பகலில் அவர் சென்ற பிறகு, இரவில் மூச்சு இழுக்கத் தொடங்கினால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று எவரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இரவில் ஒலிக்கும் தொலைபேசியை யாராவது எடுக்கிறார்களா, கடைசிக் கட்டத்தில் எதை எதிர்பார்க்க வேண்டும் என்று வீட்டாருக்கு விளக்கப்பட்டதா, பராமரிப்பவர் தூங்குகிறாரா என்ற மூன்றையும் தயவுசெய்து உங்கள் பதிவேட்டில் சேருங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, அம்மா. இரவு அழைப்புகளை நாங்கள் பதிவு செய்வதே இல்லை. இந்த வாரமே தொடங்குகிறோம். இன்னொரு தயக்கம் உண்டு. செவிலியரின் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே பல நோயாளிகள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். சிலருக்குப் பேச்சே இல்லை. இவர்களிடம் எப்படி அறிவது?

பதில்: கேரளத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்

பேச இயலாதவர்களுக்காக, ஐபாஸ் (IPOS) எனப்படும் ஒருங்கிணைந்த நோய் ஆதரவு விளைவு அளவுகோலில் பணியாளரே நிரப்பும் வடிவம் இருக்கிறது. நெற்றிச் சுருக்கம், முனகல், புரட்டும்போது உடல் இறுகுவது ஆகியவற்றைக் கவனித்து எழுதலாம். குடும்பத்தின் கவலையைப் பற்றியும் அதில் ஒரு கேள்வி உண்டு.

தயங்குபவர்களிடம், வழக்கமாக வரும் செவிலியர் கேட்காமல், உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர் தனியாகக் கேட்பது நல்லது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோய் ஆதரவுப் பணி பின்னர் அக்கம்பக்கத்தாரின் வலையமைப்பாக வளர்ந்ததில், அண்டை வீட்டாரிடம் மக்கள் மனம் திறந்து பேசியதற்குப் பெரும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். நோயாளி காலமான பின் சில வாரங்கள் பொறுத்து, சிகிச்சையில் பங்கேற்காத ஒருவர் குடும்பத்தைச் சந்தித்து, கடைசி வாரம் எப்படிக் கழிந்தது, அவர் விரும்பிய இடத்தில்தான் உயிர் பிரிந்ததா என்று கேட்கட்டும். அவர்கள் சொல்லும் குறைகளைச் செவிலியரின் பெயரோடு இணைத்து எழுதாதீர்கள். அப்படி எழுதினால், அடுத்த முறை செவிலியர்களே அந்தச் சந்திப்பைத் தட்டிக்கழிக்கத் தொடங்கிவிடுவார்கள்.