சொந்த நெல் சாப்பிடுபவருக்கு பி12 எப்படிக் குறையும்?

வெண்ணாற்றங்கரை:
அப்பாவுக்கு 64 வயது. திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். ஆறு மாதமாகப் பாதம் மரத்துப்போகிறது, போன வாரம் வரப்பில் செருப்பு கழன்றதே தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவரோ "சொந்த நெல், கொல்லையில் முருங்கை, காலையில் பழைய சோறு, எனக்கென்ன குறைச்சல்" என்று ஊசியே வேண்டாம் என்கிறார். சுத்த சைவம். மில்லில் பாலிஷ் போடாமல் அரைத்தால் சரியாகிவிடும் என்று சித்தப்பா வேறு ஏற்றிவிட்டிருக்கிறார். உண்மையா?

மில்லுக்காரர் மகன்:
சித்தப்பா சொல்வது வேறு வைட்டமின். தவிட்டில் இருப்பது பி1, அது குறைந்தால் பெரிபெரி. அதிலும் கால் மரத்துப்போகும், அதனால்தான் குழப்பம். ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும் தீட்டாத அரிசி போட்டதும் எழுந்து நடப்பதையும் கவனித்ததில் தொடங்கிய கதை இது, 1929-ல் நோபல் வரை போனது. பழைய மதராஸ் மாகாணத்தில் பச்சரிசி சாப்பிட்ட வடசர்க்கார் ஜில்லாக்களில் (பெரும்பாலும் இன்றைய ஆந்திரக் கடலோரம்) பெரிபெரி இருந்தது, நம் பக்கம் புழுங்கல், தப்பித்தோம். நெல்லை அவிக்கும்போதே தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும், அப்புறம் தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். அதையும் நாலு தண்ணீர் கழுவி, கஞ்சியை வடித்துவிட்டால் கொல்லையில் நிற்கிற மாட்டுக்குத்தான் யோகம். பி12 அரிசியிலும் இல்லை, தவிட்டிலும் இல்லை.

மன்னை மருமகள்:
அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா? மெட்பார்மின் வருடக்கணக்காகப் போட்டால் பி12 இறங்கும், என் மாமியாருக்கு அப்படித்தான் ஆனது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். முருங்கைக்கீரை மாலைக்கண்ணுக்கு நல்லது, பி12-க்கு உதவாது. அது பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான். ரேஷனில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த அரிசி வந்தபோது எங்கள் தெருவில் பிளாஸ்டிக் அரிசி என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தார்கள், என்னத்தைச் சொல்ல!

கோரையாறு:
ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள் தம்பி. நரம்பு ரொம்ப நாள் கெட்டால் முழுசாகத் திரும்பாமலும் போகும்.

வெண்ணாற்றங்கரை:
பத்து வருடமாக அந்தச் சர்க்கரை மாத்திரைதான் அக்கா! இது தெரிந்ததும் அவரே வாயடைத்துப் போனார். நாளைக் காலை ஊசிக்குக் கூட்டிப்போகிறேன். முட்டை என்று வாயெடுத்தேன், முறைத்தார். தயிரை இரண்டு கரண்டி கூட ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.