பேக்கர் கட்டிய சுவர் முன்னால் உங்களுக்கு நடந்தது என்ன?

சேரன்மகாதேவி மகள்

லாரி பேக்கர், பூசாத செங்கலில் குறைந்த செலவில் வீடு கட்டிய இங்கிலாந்துக்காரக் கட்டடக் கலைஞர். அதற்கு மேல் நான் ஆரம்பிக்கப் போவதில்லை, இங்கே எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஒரே ஒரு சாயங்காலத்தைச் சொல்லியாக வேண்டும்.

அப்பாவை வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் கூட்டிப் போயிருந்தேன். திரும்பும் வண்டிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி பேக்கர் கட்டிய அந்தச் செங்கல் சுருள், அதுதான், இந்தியன் காபி ஹவுஸ். பசிக்கு உள்ளே நுழைந்தோம். அப்பா கொத்தனார். பதினாறு வயதில் சித்தாளாகச் சாந்துச் சட்டி தூக்கியவர், அதற்கப்புறம் நாற்பது வருடம் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

உள்ளே படியே கிடையாது. தரை சாய்ந்து சாய்ந்து வட்டமாக மேலே ஏறிக்கொண்டே போகிறது. மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியவை. தலைப்பாகைக்காரர் கட்லெட்டும் காபியும் வைத்துவிட்டுப் போனார். அப்பா தொடவே இல்லை. சுவரில் விட்டிருந்த ஓட்டைகளுக்குள் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜன்னலே இல்லல்லா? சுவரே ஜன்னலால்லா இருக்கு" என்றார். அப்புறம் உள்ளங்கையை ஒரு ஓட்டையில் வைத்துக் காற்றைப் பிடித்துப் பார்த்தார். காபியில் ஆடை படிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "நாப்பது வருசமா கல்லை மூடுறதுக்குத்தான் கூலி வாங்கிருக்கேன் பாத்துக்கோ" என்றார்.

"மேல கடைசி வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துருதேன்" என்று எழுந்தார். நான் மணியைப் பார்த்துவிட்டு, "நேரமாச்சு, அடுத்த தடவை பாத்துக்கலாம்ப்பா" என்றேன். அவர் மறுபேச்சு பேசாமல் இறங்கிவிட்டார். வண்டி அன்றைக்கு நாற்பது நிமிடம் தாமதம். அடுத்த தடவை வரவில்லை, பங்குனியில் போய்விட்டார்.

வள்ளியூர்க்காரன்

அக்கா, உங்கள் அப்பா பேச்சை என் சொந்தக்காரர்கள் கேட்டிருக்க வேண்டும்.

2011இல் வீடு கட்டினேன், பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு. கல்லைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டு ஏற்றினோம். ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். பொந்துக்குள் நிற்கிற காற்று வெக்கையை உள்ளே விடாது. வெளியே பூசவில்லை. பால் காய்ச்சுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பணம் தட்டிப் போச்சோ? கேட்டிருக்கலாம்லா?" என்றார்கள். அக்கறையோடுதான் கேட்டார்கள், அதுதான் கஷ்டமாக இருந்தது.

நாலு வருடம் தாக்குப்பிடித்தேன். தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருவில் நின்றுகொண்டு, "வேலை இன்னும் முடியலையோ?" என்றார்கள். அடுத்த வாரம் ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

அம்மாவுக்குத் தார்சாவில் ஓர் இடம் உண்டு. அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் வெங்காயம் உரிப்பாள், கல் குளுகுளுவென்று இருக்கும் என்பாள். முதல் கரண்டிச் சாந்து அந்த இடத்தில்தான் சொத்தென்று விழுந்தது. அம்மா சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் வாசல்படியில் நின்று, "பின்பக்கச் சுவரையாவது விட்டுரச் சொல்லுல" என்றாள். விட்டுவிட்டோம். இப்போது வெங்காயம் பின்பக்கம்தான்.

பாளை பில்டர்

வள்ளியூர்த் தம்பி மனது கஷ்டப்படும், இருந்தாலும் சொல்கிறேன். பூசாத எலிப்பொறிக் கட்டு நம் பக்கத்துக்கு ஒத்து வராது. பேக்கரிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் பக்கத்தில் நின்று வேலை வாங்கினார். நம் கொத்தனாருக்கு அந்தக் கை வராது, நம் சூளைக் கல் ஒன்று போல் இன்னொன்று இருக்காது, ஐப்பசி மழை சாய்ந்து அடிக்கும்.

கட்டியே தீருவேன் என்பவர்களுக்குச் சில விஷயம். இரண்டு கல்லை மோதிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். நெஞ்சு உயரத்தில் இருந்து மண் தரையில் போட்டால் உடையக் கூடாது. லோடு வந்ததும் விளிம்பு மழுங்காத கல்லைத் தனியாகப் பொறுக்கி அடுக்குங்கள், அதுதான் வெளி முகம். முதல் நாளே நனைத்துவிடுங்கள், காய்ந்த கல் சாந்துத் தண்ணீரை உறிஞ்சிவிடும். சாந்து பரப்பும்போது பொந்தின் மேல் ஒரு பட்டைப் பலகையை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாதிச் சாந்து பொந்துக்குள் போய்விடும், மிச்சம் பிடித்த காசு அங்கேயே தீர்ந்தது. முதல் வரி, ஜன்னலுக்குக் கீழ்வரி, கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் வரி, மூலைகள், கதவு ஜன்னல் ஓரம் இதெல்லாம் பொந்து இல்லாமல் கெட்டியாக வர வேண்டும். கரண்ட் பைப் எங்கே வரும் என்று கட்டும்போதே முடிவு செய்யுங்கள், பின்னால் உளி வைத்தால் கல் தெறித்துவிடும். கூரை இரண்டடிக்குக் குறையாமல் வெளியே நீளட்டும். கல் இடுக்கில் சாந்தை அழுத்தித் தீட்டுகிற பாயிண்டிங் அன்றன்றைக்கே முடிய வேண்டும், நாளைக்கு என்று விட்டால் பிடிக்காது. பூச்சு இல்லாததால் கூலி குறையும் என்று கணக்குப் போடாதீர்கள். பிழையை மூட இடமில்லாத வேலைக்கு நல்ல கை வேண்டும், நல்ல கைக்கு நல்ல கூலி கொடுக்க வேண்டும்.

என் அனுபவம் சின்னதுதான். திருவனந்தபுரத்தில் சி.டி.எஸ். என்கிற வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் கேட்டுக்கொண்டு பேக்கர் கட்டியது. ஒரு வேலையாக அங்கே போனேன். நேராக வந்த சுவர் ஒரு மரத்துக்கு முன்னால் வந்ததும் வளைந்து, ஒதுங்கி, மறுபடி நேராகிப் போகிறது. அந்த வாரம்தான் பாளையில் ஒரு மனையில் இரண்டடி இடத்துக்காக ஒரு வேப்பமரத்தை வெட்டச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். போன் செய்தேன். காலையிலேயே வெட்டியாகிவிட்டது என்றார்கள்.

செங்கோட்டைப் பேரன்

பில்டர் அண்ணாச்சி, மழைக் கணக்கை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1956 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து வளர்ந்தவன் நான். திருவனந்தபுரத்தில் பெய்வதில் பாதிகூடப் பாளையங்கோட்டையில் பெய்யாது. அங்கே நிற்கிற பூசாத சுவர் இங்கே ஏன் நிற்காது? கூரை நீட்டம் பற்றி நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதுதான் பதில்.

என்னை உறுத்துவது சுவர் இல்லை, ஓடு.

ஆச்சி வீடு சுண்ணாம்புக் காரையும் பனங்கையும் போட்ட பழைய வீடு. சாந்தில் கருப்பட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தார்கள் என்று ஆச்சி பெருமையாகச் சொல்வாள். முன்பத்தி முழுக்க மங்களூர் ஓடு. அதை இடித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்ட மட்டப்பா வீடு கட்டினோம். பழைய ஓடுகளை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. டிராக்டரில் ஏற்றிக் குளத்துக்கரைப் பள்ளத்தில் கொட்டினோம். ஆச்சி கூடவே நடந்து வந்தாள். உடையாத ஓடாகப் பார்த்து இரண்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்துத் திருவனந்தபுரத்தில் நண்பன் வீட்டில் தங்கினேன், பேக்கர் முறையில் கட்டியது. ராத்திரி படுத்து மேலே பார்க்கிறேன், கான்கிரீட் தளத்துக்குள் ஓடு பதிந்திருக்கிறது, வரிசை வரிசையாக. அதேதான், மங்களூர் ஓடு. நண்பன் விளக்கினான். தளத்தின் மேல்பாதிதான் அமுக்கத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பக்கத்து இழுவையைக் கம்பி பார்த்துக்கொள்ளும். அங்கே கம்பிகளுக்கு நடுவில் இருக்கிற கான்கிரீட் சும்மா கனம்தான். அந்த இடத்தில் பழைய ஓடுகளை வைத்துவிட்டால் சிமெண்டும் மிச்சம், கனமும் குறைவு, வெக்கையும் குறைவு. எங்கள் மட்டப்பாவுக்கு வேண்டிய ஓடு அத்தனையும் அப்போது பள்ளத்தில் கிடந்தது.

சீனாவில் போர்க்காலச் சேவை முடிந்து ஊர் திரும்பக் கப்பலுக்காக பம்பாயில் காத்திருந்தபோது பேக்கர் காந்தியைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்பது காந்தி சொன்னது. எங்களுக்கு ஐந்தடிக்குள் கிடைத்தது. அந்த இரண்டு ஓட்டில் ஒன்று இப்போதும் ஆச்சி அடுக்களையில் பால் சட்டிக்கு மூடி.

ஓய்வுபெற்ற நர்ஸ்

செங்கல், ஓடு, சிமெண்ட் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பேக்கர் 1945இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தது தொழுநோயாளிகளுக்காக. பழைய தொழுநோய் விடுதிகளை ஆஸ்பத்திரிகளாக மாற்றிக் கட்டுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

என் தாத்தா அப்படி ஒரு விடுதியில் இருந்தார். எட்டு வயதில் ஒரே ஒரு தடவை பார்க்கப் போனேன். ஜன்னல் என் தலைக்கு மேலே, பெரியவர்கள் தலைக்கும் மேலே, கம்பி போட்டு இருந்தது. வெளியே இருக்கிறவர்கள் கண்ணில் உள்ளே இருக்கிறவர்கள் படக் கூடாது என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். தாத்தா கையை அசைக்கிறார் என்று அப்பா சொன்னார். எனக்கு விரல் இல்லாத கை மட்டும் கம்பிக்கு மேலே தெரிந்தது. நான் பயந்து அப்பா காலைக் கட்டிக்கொண்டேன். திருப்பிக் கை அசைத்திருக்கலாம்.

பேக்கர் வீடுகளில் உட்கார்ந்தால் தெரு தெரியும், மரம் தெரியும். அதை அவர் எங்கே கற்றிருப்பார் என்று எனக்குள் ஓர் எண்ணம் உண்டு.

இன்னொன்று. பேக்கரின் மனைவி டாக்டர் எலிசபெத் பெயரை யாரும் சொல்லவில்லை. 1948இல் கல்யாணம் முடித்து இரண்டு பேரும் இமயமலைப் பக்கம் பித்தோராகட் மலையில் போய் ஆஸ்பத்திரி நடத்தினார்கள், பதினைந்து வருடத்துக்கு மேல். அவர் கட்ட, அந்த அம்மா வைத்தியம் பார்க்க. அப்புறம்தான் கேரளத்தில் வாகமண், திருவனந்தபுரம் எல்லாம். அந்த அம்மாவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாலாம் வருட மாணவன்

கட்டடக்கலை படிக்கிறேன். மூன்றாம் வருடத்தில் ஓட்டை விட்டுக் கட்டுகிற ஜாலிச் சுவர் வைத்து ஒரு பள்ளிக்கூடம் வரைந்தேன். மதிப்பிட வந்தவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இது பழைய பாணி, கண்ணாடி போடு" என்று தாளை நகர்த்திவிட்டார். நம் ஊர் சித்திரை வெயிலில் மேற்குப் பார்த்த கண்ணாடி.

பேக்கர் எழுதிய சிறு புத்தகங்களைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாம் கையால் வரைந்த படம். சாதாரணமாகச் செலவு எங்கே போகிறது, அதே வேலையைக் குறைவில் எப்படி முடிக்கலாம் என்று பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருப்பார். வீடு கட்டுகிற எவருக்கும் புரியும். பழைய தாளின் பின்பக்கம் வரைவார், அந்தத் தாளோடு வேலை நடக்கிற இடத்துக்குப் போய்க் கொத்தனார் பக்கத்தில் நிற்பார். 1985இல் கேரள முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், கே.என். ராஜ் இவர்களோடு சேர்ந்து, செலவு குறைந்த கட்டட முறைகளுக்கான காஸ்ட்ஃபோர்டு அமைப்பைத் தொடங்கியதும் இந்த வேலையைப் பலர் கைக்குக் கொண்டுபோகத்தான்.

லீவில் திருவனந்தபுரத்தில் ஒரு வேலையிடத்தில் பத்து நாள் நின்றேன். என் வரிசை கோணிவிட்டது. அங்கே இருந்த ஓர் அக்கா, கொத்தனார், ஒன்றும் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக் கரண்டியை ஒரு திருப்புத் திருப்பினார். சாந்து விளிம்பில் அழகாக உட்கார்ந்தது. அந்தத் திருப்பை அவர் ஒரு பெரியவரிடம் கற்றாராம், அந்தப் பெரியவர் பேக்கரின் வேலைகளில் நின்றவராம். இப்போது நானும் அப்படித்தான் திருப்புகிறேன். கல்லூரியில் காட்டினால் பார்க்க ஆள் இல்லை.

சேரன்மகாதேவி மகள்

தம்பி, காட்ட ஆள் இல்லை என்று சொல்லாதே. எங்கள் வீட்டுக்கு வா.

பில்டர் அண்ணாச்சி, "நம் கொத்தனாருக்கு அந்தக் கை வராது" என்று எழுதியதை மூன்று தடவை படித்தேன். மேலே ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன், இப்போது சொல்கிறேன். ஊருக்குத் திரும்பின மாதமே அப்பா கொல்லையில் துவைகல் பக்கம் ஒரு சுவர் வைத்தார். எட்டடி நீளம், இடுப்பு உயரம், முழுக்க ஓட்டைச் சுவர். மிச்சம் கிடந்த நாட்டுக்கல். மூச்சு வாங்கும், நாலு கல் வைப்பார், உட்கார்ந்துகொள்வார். ஒரே ஒரு தடவை பார்த்த வேலை, அதுவும் பாதி. நான் அப்போது ஆஸ்பத்திரிச் சீட்டும் மாத்திரையுமாக ஓடிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் போய் நிற்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு மூலை முடியாமல் அப்படியே நிற்கிறது.

அண்ணன் கார் நிறுத்த இடம் வேண்டும் என்கிறான். தை பிறந்ததும் இடிக்கப் போகிறான். அவனையும் குறை சொல்ல முடியாது, அவன் பங்கு அது. சுவரைச் சேதாரமில்லாமல் பிரித்து என் பக்கத்து இடத்தில் திருப்பி வைக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை பில்டர்

அம்மா, அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சிமெண்டா சுண்ணாம்பா, எதில் கட்டினார்? சிமெண்ட் என்றால் பிரிக்கும்போது பாதிக் கல் உடைந்துவிடும்.

சேரன்மகாதேவி மகள்

சுண்ணாம்பு. வீட்டில் பழைய பானையில் ஊறிக் கிடந்ததை எடுத்துத்தான் குழைத்தார்.

பாளை பில்டர்

அப்படியென்றால் வரும், பொறுமையாகத் தட்டினால் முழுசாக வரும். ஞாயிற்றுக்கிழமை என் ஆள் ஒருவரோடு வருகிறேன். அதற்குள் சுவரை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். மேல் வரிசையில் இருந்து கல்லுக்குக் கல் சுண்ணக்கட்டியால் நம்பர் போட வேண்டும். முடியாத அந்த மூலையையும் அப்படியேதான் வைக்க வேண்டும், எந்தக் கல்லோடு நிறுத்தினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாணவத் தம்பியையும் வரச் சொல்லுங்கள்.